வாட்ஸ்அப்பில் 140 பேர் இருக்கிறோம். சங்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படித்து 1999-ல் பிளஸ் டூ முடித்தவள் நான். எங்கள் செட்டில் 140 பேர் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து தவிர அதில் எதுவும் நடப்பதில்லை. முன்னாள் மாணவிகள் சங்கம் ஆரம்பிக்கலாம் என்று சொன்னேன். ஆளுக்கு ஆயிரம் போட்டுப் பள்ளி வாசலில் வளைவு கட்டலாம் என்கிறார்கள் சிலர். "பெண்கள் பள்ளியில் படித்ததால் உங்களுக்குத் தனியாக என்ன கிடைத்தது?" என்று கேட்கிறார் என் கணவர். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. அதற்கு மதிப்பெண்ணைக் காட்டிப் பதில் சொல்லாதீர்கள். 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2014-ல் வெளியானது. குடும்பப் பின்னணியையும் சேர்க்கை முறையையும் கணக்கில் எடுத்த நல்ல ஆய்வுகளில், பெண்கள் பள்ளிக்கும் இருபாலர் பள்ளிக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. தென்கொரியாவின் சியோல் நகரில் எந்த மாணவர் எந்தப் பள்ளி என்பதைப் பல ஆண்டுகள் குலுக்கல் முறையே முடிவு செய்தது. அங்கே ஒருபாலர் பள்ளிகளுக்குச் சாதகமான முடிவும் வந்திருக்கிறது. ஆக, மதிப்பெண்ணை வைத்து அடித்துப் பேச முடியாது.

அடித்துப் பேசக்கூடியது வேறு. இருபாலர் பள்ளிகள் பலவற்றில் ஆய்வகத்தில் கருவியைப் பையன் பிடிப்பான், ரெக்கார்டு நோட்டைப் பெண் எழுதுவாள். உங்கள் பள்ளியில் இரண்டையும் செய்தது பெண்தான். காலை வழிபாட்டில் மைக் பிடித்தது, தேர்வுக்கு பெஞ்சைத் தூக்கிப் போட்டது, அணிவகுப்பில் கட்டளை கொடுத்தது, என்.எஸ்.எஸ். முகாமில் அரிசிக் கணக்கு எழுதியது எல்லாம் பெண்களே. ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு ஆண்டுகள் இப்படிப் பழகியவளுக்கு, ஒரு வேலையை முன்னின்று நடத்த யாருடைய அனுமதியும் தேவை என்று தோன்றாது. ஆனால் இது தானாக வந்துவிடாது. ரெட்டை ஜடை, ரிப்பன், தலை குனிந்து நடப்பது என்று அடக்கத்தை மட்டும் கற்றுக்கொடுத்த பெண்கள் பள்ளிகளும் உண்டு. பொறுப்பு யார் கைக்குப் போனது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. வகுப்புத் தலைவியின் கையில் மட்டுமே இருந்திருந்தால் மற்ற 59 பேருக்கு அது கிடைத்திருக்காது.

இனி சங்கம். வளைவு வேண்டாம். அது கட்டி முடித்த அன்றோடு சங்கத்தின் வேலையும் முடிந்துவிடும். முதலில் வேண்டியது ஒரு பெயர்ப் பதிவேடு.

பெண்களின் பள்ளி வட்டம் அறுந்துபோகக் காரணம் அன்புக் குறைவு அல்ல. கல்யாணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறுகிறது, ஊர் மாறுகிறது, கைபேசி எண் மாறுகிறது. ஒரே வகுப்பில் இருந்த ஐந்து தேவிகளில் எந்த தேவி இன்று ஈரோட்டில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகிறது. அதனால் பதிவேட்டில் பள்ளியில் இருந்த பெயரும் அன்றைய தலைப்பெழுத்தும்தான் முதலில் வர வேண்டும். அதன்பின் முடித்த ஆண்டு, பிரிவு, இன்றைய பெயர், ஊர், வேலை, எண். கடைசியில் இன்னொரு எண்ணும் கேளுங்கள்: அம்மா அல்லது உடன்பிறந்தவருடையது. பல வீடுகளில் அதுதான் மாறாமல் இருக்கும்.

பழைய பெயர்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டு, அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டைப் படம் எடுக்காதீர்கள். சாதி, பிறந்த தேதி, முகவரி ஆகியவை அதில் இருக்கும், அவை உங்களுக்குத் தேவையில்லை. எழுதும்போது பத்தாம் வகுப்போடு நின்றவர்களையும் சேருங்கள். உங்கள் 140 பேரில் அவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். உங்கள் மாவட்டத்தில் நூற்பாலைக்குப் போனவர்கள், பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள், எல்லோரும் அதே பிரேயரில் நின்றவர்கள்தான். "ஓராண்டாவது இப்பள்ளியில் படித்தவர் உறுப்பினராகலாம்" என்று விதியில் எழுதிவிட்டால் பிறகு யாரும் வாக்குவாதம் செய்ய முடியாது.

தேடும் வேலையை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். அப்படித் தொடங்கிய சங்கங்களில் மூன்றாம் மாதமே அந்த ஒருவர் ஓய்ந்துவிடுகிறார். பிரிவுக்கு இரண்டு தொடர்பாளர், ஒவ்வொருவருக்கும் 15 பெயர், இரண்டு மாத அவகாசம். இதுவே போதும். உங்கள் செட்டோடு நிற்காமல் முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு செட்டுகளை அழையுங்கள். ஒரே செட் சங்கம் அந்த வயதினருக்குப் பேரக்குழந்தைகள் வரும்போது மெல்லக் கரைந்துவிடும்.

இதில் யாழ்ப்பாணத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். உடுவில் மகளிர் கல்லூரி 1824-லும் வேம்படி மகளிர் பள்ளி 1830-களிலும் தொடங்கியவை. போர் அந்தக் குடும்பங்களை உலகெங்கும் சிதறடித்த பிறகும், அங்குள்ள பெண்கள் பள்ளிகளின் பழைய மாணவிகள் சங்கங்கள் கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று கிளைவிட்டு இயங்குகின்றன. செட்டைச் சுற்றி அல்லாமல் பள்ளியைச் சுற்றி அமைந்ததுதான் அவற்றின் பலம். நேற்று வெளியேறியவளுக்கும் அதில் இடம் உண்டு.

முதல் வேலையாக எதைச் செய்வது? இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் காகிதங்கள். அரசுப் பள்ளி மாணவிகள் உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. பலரும் தடுமாறுவது சின்ன விஷயங்களில்: ஆதாரில் ஓர் எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து, வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தே இல்லை, கணக்கோடு ஆதார் இணையவில்லை. இதை மே மாதத்தில் கண்டுபிடித்தால் ஓட்டம்தான் மிஞ்சும். டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் காகிதத்தையும் சரிபாருங்கள். ஒருவர் 20 பேரைப் பார்க்கலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கும் அப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்களில் வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் வேலை செய்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் ஒரு மணி நேரம் வந்து விளக்கினால் வளைவைவிட ஆயிரம் மடங்கு பயன்.

தேர்வு முடிவுக்குப் பிறகு இன்னொரு கட்டம். கல்லூரியின் முதல் பருவத்தில்தான் விடுதியும் ஆங்கில வகுப்பும் பிள்ளைகளை மிரட்டும். ஒரு முன்னாள் மாணவிக்கு இரண்டு பிள்ளைகள், டிசம்பர் வரை இரு வாரத்துக்கு ஒரு போன். யாருக்கு யார் என்ற பட்டியல் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் இருக்க வேண்டும். பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது. உதவி பெற்றவள் என்று ஊருக்குக் காட்டப்படுவதை எந்தப் பெண்ணும் விரும்ப மாட்டாள்.

பணத்தில்தான் பெரும்பாலான சங்கங்கள் உடைகின்றன. ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வசூலிக்கவே கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அடுத்த ஆண்டு கேள்வி வரும், நட்பு போகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவுச் சான்று, துணைவிதி, பான் அட்டை, நிர்வாகக் குழுத் தீர்மானம் ஆகியவற்றைக் கொடுத்துச் சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா 300 போதும். 90 பேர் கொடுத்தால் 27,000. மேலே சொன்ன வேலைகளுக்கு அது தாராளம். பதிவு செய்தபின் ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், அதற்குப் பொறுப்பானவரை இப்போதே முடிவு செய்யுங்கள். வகுப்பறை, கழிப்பறை போன்ற பெரிய செலவு என்றால் நீங்களே கட்ட இறங்காமல், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாகக் கொடுங்கள்.

வெளிநாட்டுத் தோழிகள் பணம் அனுப்ப முன்வருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். அந்தத் தோழியிடம் பணத்துக்குப் பதிலாக, முதல் பருவத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம் பேசப் பழக்கும்படி கேளுங்கள்.