வாசகர் கேள்வி–பதில்: எல்லாரும் 'லீடர்' என்று கூப்பிடும் பையன்

கேள்வி: மகனோடு உட்கார்ந்து 'யூகியோ ஜெக்ஸல்' என்ற ஜப்பானிய அட்டைச் சண்டைக் கார்ட்டூன் தொடரைப் பார்க்கிறேன். கண்ணாடி போட்ட க்ளாஸ் லீடர் பையன் ஒருவன் வாயைத் திறந்தாலே 'டோடோ நோ த்ஸுமாரி' என்கிறான். அப்படியென்றால் என்ன?

பதில்: தகாஷி டொடோரொகியைத்தானே கேட்கிறீர்கள்? அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பையன். 'கடைசியில் பார்த்தால்', 'முடிவாகச் சொன்னால்' என்பதுதான் அர்த்தம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு மீன் இருக்கிறது. நாம் மடவை என்று சொல்லும் மீனுக்கு ஜப்பானில் வளர வளரப் பெயர் மாறும். ஒபோகோ, சுபாஷிரி, இனா, போரா, கடைசியாக டோடோ. அதற்கு மேல் வளரவும் முடியாது, பெயரும் கிடையாது. அதனால்தான் 'டோடோ'வுக்கு முடிவு என்ற பொருள் வந்தது என்பார்கள். நம்மிடம் பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவத்துக்கொரு பெயர் இருக்கிறதே, அதே மாதிரிதான். டொடோரொகி என்ற பெயரும் 'டோடோ' என்றே தொடங்குவதைக் கவனியுங்கள். ஆங்கில டப்பிங்கில் அவன் பெயர் காஸ்வெல் ஆகிவிட்டதால் இந்த அழகு அங்கே காணாமல் போய்விட்டது. முடிந்தால் ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள்.

கேள்வி: அட்டைச் சண்டைத் தொடரில் விதி பேசுகிற க்ளாஸ் லீடர் எதற்கு? அவன் வந்தாலே வேகம் குறைகிறது.

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானியப் பள்ளியில் வகுப்புத் தலைவருக்கு 'இயின்ச்சோ' என்று பெயர். ஆசிரியர் உள்ளே வந்ததும் "கிரித்ஸு, ரெய், சகுசெகி" (எழுந்திருங்கள், வணங்குங்கள், உட்காருங்கள்) என்று குரல் கொடுப்பது லீடரோ அன்றைய முறைக்கு உரிய மாணவரோதான். டொடோரொகியை நண்பர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'இயின்ச்சோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதவியே பெயராகிவிட்ட பையன். அவனுக்கு நேரெதிர் கதாநாயகன் யூமா. பதின்மூன்று வயது. "கட்டோபிங்கு!" என்று கத்திக்கொண்டு முதலில் குதிப்பான், அப்புறம்தான் யோசிப்பான். ஒருவன் எப்போதும் தொடக்கத்திலேயே நிற்கிறான், இன்னொருவன் எப்போதும் முடிவைத் தேடுகிறான். இவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்ததே எனக்குப் பிடித்த விஷயம்.

அவனிடம் வந்து சேரும் அட்டையையும் பாருங்கள். 'நம்பர் 34: டெரா பைட்.' நம்பர் அட்டைகள் கையில் வந்தவரின் மனதில் இருக்கும் ஆசையைப் பிடித்துக்கொண்டு ஆட்டிவைக்கும், அதுதான் இந்தக் கதையின் விதி. அச்சில் வந்த அட்டைப்படி அதைக் களமிறக்க லெவல் 3 (மான்ஸ்டரின் தரநிலை) மான்ஸ்டர் மூன்று வேண்டும், அவற்றை அடுக்கி அதன் மேல் இதை வைப்பார்கள். தாக்கும் பலம் 0, தற்காப்பு 2900. அடிக்கத் தெரியாத மான்ஸ்டர். ஆனால் அடியில் இருக்கும் ஓர் அட்டையைக் கழற்றினால், தாக்கும் நிலையில் நிற்கும் எதிராளியின் மான்ஸ்டர் ஒன்றை, லெவல் 4 வரைக்கும், அந்த முறை முடியும்வரை தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒழுங்கை நேசிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை உண்டா? தான் ஒழுங்காக இருப்பது போதாது, எதிரே நிற்பவனும் என் வரிசைக்கு வந்தாக வேண்டும் என்கிற ஆசைதான் இது.

எனக்கு அந்த ஆசை தெரியும். எட்டாம் வகுப்பில் நான் லீடர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. ஒரு நாள் ரப்பர் கேட்ட என் நெருங்கிய நண்பன் பெயரையே எழுதினேன். கெஞ்சினான், அழிக்கவில்லை. விதி என் பக்கம் இருந்தது. அதற்குப் பிறகு பல வாரம் அவன் என்னோடு பேசவில்லை. அந்தச் சாக்பீஸ் எழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது. டொடோரொகியைப் பார்த்தபோது எனக்கு வலித்தது இதனால்தான். அவன் யூமாவிடம் தோற்கிறான், நம்பர் விலகுகிறது. பிறகு அதே யூமாவின் நண்பர் குழுவான 'நம்பர்ஸ் க்ளப்'பில் ஒருவனாகிறான். கண்ணாடியும் மாறவில்லை, 'டோடோ நோ த்ஸுமாரி'யும் மாறவில்லை. அவனை விதி மீறுகிறவனாக மாற்றி 'திருந்திவிட்டான்' என்று காட்டாததற்காகவே எழுதியவர்களைக் கும்பிடலாம்.

கேள்வி: அட்டை விளையாட்டில் ஆளுக்கு 8000 லைஃப் பாயிண்ட் (பூஜ்யமானால் தோல்வி), தொடரில் மட்டும் 4000. ஏன்?

பதில்: ஆட்டம் ஓர் எபிசோடுக்குள், மிஞ்சினால் இரண்டுக்குள் முடிய வேண்டுமே! கசுகி தகஹாஷி வரைந்த மூல யூகியோ படக்கதையில் 'டூயலிஸ்ட் கிங்டம்' என்ற போட்டிப் பகுதியில் 2000தான். அங்கே கதாநாயகன் யூகி நிலாவையே தாக்கி உடைத்து, கடல் நீரை வற்ற வைத்து ஜெயிப்பான். அந்த ஆட்டத்துக்கு ஓர் இயின்ச்சோ நடுவராக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. யூகியோ அட்டை விளையாடும்போது தோழிகளின் தப்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறாள். இப்போது அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லட்டுமா?

பதில்: விதியை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். அது அவளுக்கு அந்த விளையாட்டின் மேல் இருக்கும் பிரியம். சொல்லும் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள்.

பெரும்பாலான சண்டை 'மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன்' மாதிரி அட்டையில்தான் வரும். தோழி ஒரு சாதாரண ஸ்பெல்லை (மந்திர அட்டையை) போடுகிறாள், இன்னொருத்தி டைஃபூனைப் போட்டு அதை அழிக்கிறாள். அழிந்துவிட்டதே, அதனால் பலிக்காது என்று எல்லாரும் நினைப்பார்கள். பலிக்கும். டைஃபூன் அட்டையை அழிக்கும், அதன் பலனை ரத்து செய்யாது. களத்தில் தங்கியிருந்தால்தான் வேலை செய்யும் தொடர் ஸ்பெல் என்றால் மட்டும் கதை வேறு. உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்கும். தோழி ஜெயித்துவிட்டதாகத் துள்ளும் நொடியில் அதைச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆட்டம் தொடங்கும் முன்பே, தகராறு வரக்கூடிய இரண்டு மூன்று அட்டைகளை எடுத்து எல்லாரும் ஒன்றாகப் படித்துவிடட்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒருமுறை 'திரும்ப எடுத்துக்கொள்ளலாம்' என்று அவளே ஒரு விதி போடட்டும், அதைத் தனக்கும் வைத்துக்கொள்ளட்டும். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். "அட்டையைச் சத்தமாகப் படி" என்று தோழி கையிலேயே கொடுக்கட்டும். படித்ததும் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தத் தோழிகளில் ஒருத்தியை முதலில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒருத்தி போதும்.