தாத்தா சொன்ன ‘தண்ணி பிளேன்’: திரும்பாமல் போன குழுவைத் தேடுவது எப்படி?

கேள்வி: இரண்டாம் உலகப் போர் நடந்தபோது என் தாத்தா செங்குன்றத்தில், புழல் ஏரியில் இருந்த வெள்ளைக்காரர்களின் விமானத் தளத்தில் படகு வேலை பார்த்தவர். ‘தண்ணி பிளேன்’ என்றுதான் சொல்வார். அவர் வைத்திருந்த புகைப்படம் ஒன்றில் ஏரியில் மிதக்கும் விமானத்தின் முன்னால் சிலர் நிற்கிறார்கள். விமானத்தின் பக்கவாட்டில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து, படத்தின் பின்னால் பென்சிலில் 1944. “இந்த எட்டுப் பேரும் ஒரு ராத்திரி போனாங்க, திரும்பவே இல்ல” என்பார். அவர்களின் பெயர்களைக் கண்டுபிடிக்க முடியுமா? நந்தம்பாக்கம் கல்லறையில் இருப்பார்களா? இன்னொரு சந்தேகம்: தண்ணீரில் இறங்கும் விமானம் தானே, கடலில் இறங்கித் தப்பித்திருக்கக் கூடாதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எல்லாரும் கேட்கும் கேள்வி அது. அதற்குப் பதில் தெரிந்தால், அந்த எட்டுப் பேரை எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

தாத்தாவின் ‘தண்ணி பிளேனு’க்குப் பறக்கும் படகு என்று பெயர் இருந்தாலும் அது ஏரிக்கும் கழிக்கும் துறைமுகத்துக்கும் செய்யப்பட்ட படகு. புழல் ஏரியையும், இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரியையும் தளமாகத் தேர்ந்தெடுத்ததே அங்கே அலை இல்லை என்பதால்தான். நடுக்கடல் அப்படி இல்லை. காற்றே இல்லாத நாளிலும் நீண்ட அலைகள் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருக்கும். பல டன் எடையோடு வேகமாக வந்து அந்த அலையின் முகட்டில் மோதினால் மெல்லிய அலுமினிய அடிப்பாகம் கிழிந்துவிடும். இரவில் இன்னும் மோசம், கண்ணாடி போல் கிடக்கும் நீரில் உயரமே கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் தளத்தில் இரவு இறங்கும் விமானங்களுக்காகப் படகுகளில் விளக்கு வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். உங்கள் தாத்தா பார்த்த வேலையில் இதுவும் இருந்திருக்கலாம்.

1943 மே மாதம் பிஸ்கே விரிகுடாவில் நடந்ததைச் சொல்கிறேன். கடலில் விழுந்து ரப்பர்ப் படகில் மிதந்துகொண்டிருந்த ஒரு விட்லி விமானக் குழுவைக் காப்பாற்ற, ஆஸ்திரேலியர்களின் 461-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவைச் சேர்ந்த சண்டர்லேண்ட் பறக்கும் படகு ஒன்று கடலில் இறங்கப் பார்த்தது. அலையில் மோதி உடைந்தது, அதன் கேப்டன் இறந்தார். அதே ஸ்குவாட்ரனின் இன்னொரு சண்டர்லேண்ட் எப்படியோ இறங்கி இரண்டு குழுவினரையும் ஏற்றிக்கொண்டது. அவர்களை ஒரு போர்க்கப்பலுக்கு மாற்றிவிட்டு மறுபடி கிளம்பும்போது அடிப்பாகத்தில் பெரிய ஓட்டை. இனித் தண்ணீரில் இறங்கினால் மூழ்கும். விமானி என்ன செய்தார் தெரியுமா? சக்கரமே இல்லாத அந்த விமானத்தை வேல்ஸில் ஒரு விமானத் தளத்தின் புல்தரையில் வயிற்றால் சறுக்கி இறக்கினார். அனுபவம் உள்ளவர்கள், பகல் வெளிச்சத்தில், தெரிந்தே இறங்கியபோது நிலைமை இது.

சுடப்பட்டு இறங்கினால் கேட்கவே வேண்டாம். 1944 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கனடாவின் 162-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த டேவிட் ஹார்னெல், எரிந்துகொண்டிருந்த தன் கேன்ஸோவைக் (புழல் ஏரியில் இருந்த கேட்டலினா பறக்கும் படகின் கனடியத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்) கடலில் இறக்கினார். அதற்கு முன் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை அவர் தாக்கி மூழ்கடித்திருந்தார், அந்த நீர்மூழ்கியின் குண்டுகளில்தான் விமானத்தின் ஒரு எஞ்சினே கழன்று விழுந்திருந்தது. எட்டுப் பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் மிஞ்சியது ஒரே ஒரு ரப்பர்ப் படகு. முறை வைத்து ஏறி, தண்ணீரில் தொங்கி, 20 மணி நேரத்துக்கும் மேல் குளிரில் கிடந்தார்கள். இருவர் அங்கேயே இறந்தார்கள், மீட்கப்பட்ட சற்று நேரத்தில் ஹார்னெலும் இறந்தார். எட்டுப் பேருமே இறங்கும்போது பிழைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கொன்றது அதற்கப்புறம் வந்த கடல்.

வங்கக் கடலில் அந்தக் குளிர் இல்லை, ஆனால் பருவமழையும் புயலும் உண்டு. கேட்டலினா மணிக்கு 200 கிலோமீட்டர் போல மெதுவாகப் போகும், இருபது மணி நேரம்கூடப் பறக்கும். எதிரிக்குத் தெரியாமலிருக்க வழியெல்லாம் வானொலியை மூடி வைத்திருப்பார்கள். ஆகவே எங்கே விழுந்தார்கள் என்பதே பல நேரம் தளத்துக்குத் தெரியாது. வர வேண்டிய நேரம் தாண்டும், அப்புறம் எரிபொருள் தீரும் நேரம் தாண்டும், அதோடு சரி.

இப்போது நந்தம்பாக்கம். பரங்கிமலை - பூந்தமல்லி சாலையில் உள்ள அந்தப் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்தவர்களை 1952-ல் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் அங்கே இருப்பது உடல் கிடைத்தவர்கள். ஏரியிலேயே விபத்தில் இறந்தவர், மலேரியாவில் மருத்துவமனையில் இறந்தவர் என்றால் நந்தம்பாக்கத்தில் தேடலாம். ‘போனாங்க, திரும்பல’ என்று தாத்தா சொன்னதால் நீங்கள் தேட வேண்டிய இடம் சிங்கப்பூர். கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில், தெற்கு, கிழக்கு ஆசியாவின் மேலும் அதைச் சுற்றியுள்ள கடல்களின் மேலும் பறந்து, கல்லறையே இல்லாமல் போன காமன்வெல்த் விமானப்படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நந்தம்பாக்கத்தில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டு, ‘இல்லை, கதை பொய்’ என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பெயருக்கு வருவோம். பலர் முதலில் படத்தில் உள்ள எழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் ஆரம்ப காலத்தில் ஒரு எழுத்தை நம்பி ஒரு மாதம் தவறான குழுவைத் துரத்தியிருக்கிறேன். ‘எம்’ என்பது ஒரு ஸ்குவாட்ரனுக்குள் விமானத்தைக் கூப்பிட வைத்த அடையாளம், அவ்வளவுதான். அந்த விமானம் தொலைந்தால் அடுத்து வரும் விமானத்துக்கு அதே எழுத்தை வைத்துவிடுவார்கள். போதாததற்கு, 1944-ல் புழல் ஏரியில் இருந்தது ஒரே ஸ்குவாட்ரன் இல்லை. 1942-லிருந்தே இருந்தது 240-ஆம் ஸ்குவாட்ரன். 1944 மார்ச்சில் 357-ஆம் ஸ்குவாட்ரனின் ஒரு பகுதியைப் பிரித்து 628 என்று ஒன்றைத் தொடங்கி, அக்டோபரில் கலைத்துவிட்டார்கள். ஆண்டுக் கடைசியில் கராச்சிப் பக்கமிருந்து 191-ஆம் ஸ்குவாட்ரன் வந்து சேர்ந்தது. எல்லாமே கேட்டலினாதான். ஆகவே ‘எம்’ எந்த ஸ்குவாட்ரனின் ‘எம்’?

உண்மையில் உதவுவது வால் பக்கம் சின்னதாக எழுதியிருக்கும் வரிசை எண். இரண்டு ஆங்கில எழுத்து, பின்னால் மூன்று இலக்கம். கேட்டலினாவுக்கு ‘எஃப்பி’, ‘ஜேஎக்ஸ்’ என்று தொடங்குபவை ஏராளம். படத்தை நல்ல ஸ்கேனரில் உயர்ந்த தரத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் இலக்கம் தெரிந்தாலும் லாபம். முழு எண்ணும் தெரிந்தால், ஒவ்வொரு விமானத்தின் போக்குவரத்தையும் குறித்துவைத்த அட்டைகள் லண்டன் ஹெண்டனில் உள்ள ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்தில் உண்டு, விபத்து அட்டைகளும் அங்கேயே.

எண் தெரியவில்லையா? பரவாயில்லை, தேதியைப் பிடிப்போம். அம்மாவையும் பெரியம்மாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள்: தாத்தா சொன்ன கதையில் அது மழைக்காலமா, வெயில்காலமா, பொங்கலுக்கு முன்னா பின்னா? பன்னிரண்டு மாதம் மூன்றாகக் குறைந்தால் வேலை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

அப்புறம் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ‘ஏஐஆர் 27’ என்ற தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் மாதாமாதம் எழுதிய செயல்பாட்டுப் பதிவேடு அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், சிறு கட்டணத்தில் வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். 540 என்ற படிவம் அந்த மாதத்தின் சுருக்கம். உங்களுக்கு வேண்டியது 541. அதில் ஒவ்வொரு பறத்தலுக்கும் விமான எண், குழுவினர் பெயர்கள், என்ன வேலை, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று பத்திகள் இருக்கும். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்தப் பத்தியை மட்டும் கண்ணால் ஓட்டிக்கொண்டு போங்கள், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. 240-லிருந்து தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கை: நேரங்கள் பல இடங்களில் கிரீன்விச் கணக்கில் இருக்கும். தாத்தா சொன்ன ‘ராத்திரி’ பதிவேட்டில் முந்தைய தேதியாக இருக்கலாம். தளத்தின் பெயரையும் ‘ரெட்ஹில்ஸ் லேக்’ என்று ஒட்டியும் பிரித்தும் தேடுங்கள், புழல் என்று தேடினால் ஒன்றும் வராது.

பெயர்கள் கிடைத்ததும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் சரிபாருங்கள், அது இலவசம். ஒரே தேதி, சிங்கப்பூர் நினைவுச் சின்னம் என்று போட்டால் அந்த எட்டுப் பேரும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். ஏழுதான் வந்தால் பதற வேண்டாம். ஒருவர் உடல் கரை ஒதுங்கி வேறெங்கோ புதைக்கப்பட்டிருக்கலாம், அல்லது பிழைத்திருக்கலாம்.

பிழைப்பது அவ்வளவு அபூர்வமா என்றால், கொக்கல கதையைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 4 அன்று கனடாவின் 413-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லியோனார்ட் பர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் தகவல் அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், ஆறு பேரை ஜப்பானிய நாசகாரிக் கப்பல் தூக்கிப்போனது. அவர்களைக் கொண்டுபோன, ஜப்பானில் உள்ள ஓஃபுனா கைதி முகாமில் இருந்தவர்களின் பெயர்களை ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்லவே இல்லை. ‘காணாமல் போனார்’ என்ற குறிப்புக்குப் பின்னால் ஓர் உயிருள்ள ஆள் இருந்திருக்கிறார். பர்ச்சல் பின்னாளில் ‘இலங்கையின் மீட்பர்’ என்று புகழப்பட்டார். அதே ஸ்குவாட்ரனின் ரே தாமஸ், ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் தாக்குதலுக்கு முன் அதே கப்பற்படையைக் கண்டு அதே போலத் தகவல் சொன்னார். அவர் குழுவில் ஒருவரும் திரும்பவில்லை. அவரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இது ஆறாத விஷயம், அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குழுவில் யாராவது ஆஸ்திரேலியர் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் குழு என்று சொன்னாலும் கேட்டலினாவில் நாலு நாட்டு ஆட்கள் கலந்துதான் இருப்பார்கள். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏ705’ என்ற தொகுப்பில் இறந்த, காணாமல் போன விமானப்படையினரின் கோப்புகள் இருக்கின்றன. பலவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒருவரின் கோப்பில் மொத்தக் குழுவின் பெயரும், தேடுதல் எங்கே நடந்தது, வீட்டுக்கு என்ன எழுதினார்கள் என்பதும் இருக்கும். படை எண்ணின் முன்னால் ‘ஜே’ அல்லது ‘ஆர்’ இருந்தால் அவர் கனடியர், அந்த நாட்டுக் காப்பகத்தில் போரில் இறந்தவர்களின் கோப்புகள் திறந்தே இருக்கின்றன. பிரிட்டனில் ‘ஏஐஆர் 81’ என்ற இழப்புக் கோப்புகளைத் தேதி வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கிறார்கள், 1944-க்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஏரி அடியில் விமானம் கிடக்கிறது என்று செங்குன்றத்தில் யாராவது சொன்னால் அதை இந்தக் குழுவோடு முடிச்சுப் போடாதீர்கள். அமெரிக்கா லெண்ட்-லீஸ் என்ற போர்க்கால இரவல் முறையில் கொடுத்த விமானங்கள் பலவற்றைப் போர் முடிந்ததும் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே குவாண்டாஸ் ஓட்டிய ஐந்து கேட்டலினாக்களும் அப்படித்தான் ஆஸ்திரேலியக் கடலுக்குள் போயின. விமானம் கிடப்பதால் மட்டும் அங்கே யாரோ இறந்தார்கள் என்று ஆகாது.

பெயர்கள் கிடைத்தபின் ஆணையத்தின் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ‘காலம்’ (column) என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அது கிராஞ்சிச் சுவரில் பெயர் இருக்கும் பத்தியின் எண். உறவுக்காரர் யாராவது சிங்கப்பூரில் வேலையில் இருந்தால் அந்த எண்ணை அனுப்புங்கள். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காலையில் வெயில் ஏறுமுன் போகச் சொல்லுங்கள், படத்தில் எழுத்து தெளிவாக விழும்.