நிற்கும் வண்டிதான் கவிழும்

வாசகர் கேள்வி – பதில்

நான் சைக்கிள் கடைக்காரர் மகன். விழுப்புரத்தில் அப்பாவின் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என்னை வீல்சேர் பக்கம் திருப்பியவள் என் மகள். அவளுக்கு மூளை முடக்குவாதம், அதாவது சி.பி. இப்போது 19 வயது, நான்காவது வீல்சேர். ஒரு சிறப்புப் பள்ளியின் பட்டறையில் குழந்தைகளின் வண்டிகளைச் சரிபார்ப்பது என் வேலை. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதி, ‘எந்தக் கம்பெனி வாங்கலாம்?’ என்று கேட்டவை. அவற்றை எடுத்து வைத்துவிட்டேன். நல்ல கம்பெனி வண்டியும் கவிழும்.

என் மகனுக்கு 6 வயது, சி.பி. போன வாரம் தெரபி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவனைத் தூக்கினேன். தூக்கிய நொடியில் ஸ்ட்ரோலர் பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. அவன் உள்ளே இருக்கும்போது விழுந்திருந்தால்? வண்டியில் கோளாறா?
– ஒரு தாய், ஆம்பூர்

வண்டியில் கோளாறு இருக்காது அம்மா. கைப்பிடியில் என்ன தொங்கியது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடலாம்: ஒரு பெரிய பை. அதில் மாற்றுத் துணி, டயப்பர், சாப்பாட்டு டப்பா, 2 லிட்டர் தண்ணீர். எல்லாம் சேர்த்து 5 கிலோ வரும். பையன் உட்கார்ந்திருக்கும்வரை அவன் எடை முன்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அவனைத் தூக்கியதும் பின்பக்கம் பை மட்டும்தான் மிச்சம்.

வண்டி நின்றுகொண்டிருந்ததைக் கவனியுங்கள். என் பட்டறைக்கு வளைந்த கைப்பிடியோடு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஓடும்போது விழுந்தவை அல்ல. வாசலில், மருந்துக் கடை முன்னால், ‘ஒரு நிமிஷம்’ என்று நிறுத்தியபோது விழுந்தவை.

பையன் உள்ளே இருக்கும்போதும் இது நடக்கலாம். சி.பி. குழந்தைகளில் சிலர் திடீரென்று உடம்பை விறைத்துத் தலையால் பின்னுக்கு உந்துவார்கள். ஒரு குக்கர் விசில், ஒரு லாரி ஹாரன் போதும். அந்த உந்தலும் கைப்பிடிப் பையும் சேர்ந்தால் வண்டி தாங்காது. பையை சீட்டுக்கு அடியில் வையுங்கள். இடமில்லை என்றால் உங்கள் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். தோள் வலிக்கும்தான்.

பின்னால் தரையை ஒட்டி இரண்டு குட்டிச் சக்கரங்கள் வைத்த வண்டிகள் உண்டு. மல்லாராமல் தாங்குவதற்கு வைத்தவை. படி ஏற்றும்போது இடிக்கிறது என்று அவற்றை மேலே திருப்பிவிடுவோம், அப்புறம் இறக்க மறந்துவிடுவோம். நானே மறந்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்களுடையது கடையில் வாங்கிய சாதாரணக் குழந்தை ஸ்ட்ரோலர் என்றால் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அவற்றில் பல 15 கிலோ வரைதான் தாங்கும். 6 வயதுப் பையன் அதைத் தாண்டியிருப்பான். தொட்டில் மாதிரி குழியும் அந்தத் துணி சீட்டில் முதுகும் கூன் விழும். உங்கள் தெரபிஸ்ட்டிடம் பேச வேண்டிய நேரம் இது.

வீல்சேரில் பிரேக் போட்ட பிறகும் மெல்ல நகர்கிறது. பிரேக்கை மாற்ற 900 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றலாமா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

முதலில் காற்றடியுங்கள். டயரை அழுத்திப் பிடித்துத்தான் அந்தப் பிரேக் நிறுத்துகிறது. டயர் தொய்ந்தால் பிரேக் கட்டைக்குப் பிடி கிடைக்காது. குழந்தையை இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள். டயர் சுற்றாமல் தேய்ந்துகொண்டே வந்தால் சரி. சுற்றினால், பிரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, டயரை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தி முடுக்கினாலே பெரும்பாலும் போதும். உங்கள் தெரு சைக்கிள் கடையில் டீக்காசுக்குச் செய்து தருவார்கள்.

அது வண்டியை நிறுத்தி வைப்பதற்கான பிரேக். ஓடும் வண்டியைக் குறைக்க அதை இழுக்கவே கூடாது. ஒரு பக்கம் முதலில் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

நெஞ்சு பெல்ட் போட்டால் பேத்தியைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. மனசு கேட்கவில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு நெஞ்சுக்கு மட்டும் போடுகிறோம். போதுமா?
– ஒரு பாட்டி, கோவில்பட்டி

போதாது அம்மா. இன்றைக்கே மாற்றிவிடுங்கள். இடுப்பு பெல்ட் இல்லாமல் நெஞ்சு பெல்ட் மட்டும் போடுவதைவிட, எந்த பெல்ட்டும் போடாமல் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மேல்.

என் மகளுக்கு 4 வயது இருக்கும்போது எங்களிடம் பெல்ட்டே இல்லை. முன்னால் சாய்கிறாள் என்று நெஞ்சைச் சுற்றி ஒரு துப்பட்டாவைக் கட்டினோம். நான் கடையில் இருந்தேன், மனைவி அடுப்படியில். சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். குழந்தை இடுப்பு வழுக்கி, சீட்டில் பாதி படுத்த மாதிரி இறங்கியிருக்கிறாள். துப்பட்டா தாடைக்குக் கீழே. இன்னும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் நான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தத் துப்பட்டாவை மனைவி அன்றைக்கே எரித்துவிட்டாள்.

இடுப்பைப் பிடித்தால்தான் குழந்தை கீழே வழுக்காது. அந்த பெல்ட் வயிற்றுக்குக் குறுக்கே போகக் கூடாது. உட்காரும்போது பாவாடை மடிப்பு விழுமே, இடுப்பும் தொடையும் சேரும் அந்த இடத்தில், சீட்டின் பின்மூலையை நோக்கிச் சரிவாக இறங்க வேண்டும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், உள்ளங்கை நுழையக் கூடாது. இதை மாட்டிய பிறகுதான் நெஞ்சு பெல்ட். கழற்றும்போது தலைகீழ்: நெஞ்சு முதலில், இடுப்பு கடைசியில். கொக்கி, ஒரு கையால் சட்டென்று திறக்கிற மாதிரி இருக்கட்டும். முடிச்சு, ஊக்கு இரண்டும் வேண்டாம்.

பெல்ட் போட்டும் வழுக்குகிறாள் என்றால் சீட்டின் ஆழத்தை அளந்து பாருங்கள். சாய்மானத்திலிருந்து முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் முன்னாலேயே சீட்டு முடிந்துவிட வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் விளிம்பு காலை இடிக்கும். காலை மடக்க, குழந்தை இடுப்பை முன்னால் இழுத்துக்கொள்ளும். நாம் ‘ஒழுங்கா உட்காரு’ என்று அதட்டிக்கொண்டிருப்போம். தப்பு குழந்தையிடம் இருக்காது.

பெரியவர் ஒருவர் பயன்படுத்திய வீல்சேர் இலவசமாகக் கிடைத்தது. மகளுக்கு 7 வயது. இரண்டு பக்கமும் தலையணை வைத்து உட்கார வைக்கலாமா?
– ஒரு தந்தை, தேவகோட்டை

வழக்கமான பெரியவர் வீல்சேரின் சீட்டு அகலம் 18 அங்குலம். உங்கள் மகளின் இடுப்பு 10 அங்குலம் இருந்தால் அதிகம். தலையணை அமுங்கி அமுங்கி, சாயங்காலத்துக்குள் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கை சக்கரத்துக்கு எட்டாது, கால் அந்தரத்தில் தொங்கும். வேறு வழி கிடைக்கும்வரை ஒப்பேற்ற வேண்டுமென்றால், மெத்தைக் கடையில் கெட்டி ஃபோம் வெட்டி வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. பாதத்துக்கு அடியில் ஒரு பலகையைக் கட்டிவிடுங்கள். ஆனால் ஒப்பேற்றலை வருடக்கணக்கில் நீட்டாதீர்கள்.

உங்கள் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைப் பாருங்கள். யூ.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் வருகிற, கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோவின் தயாரிப்புகளில் சி.பி. குழந்தைகளுக்கென்றே ஒரு நாற்காலி உண்டு. சென்னைக்கு வர முடிந்தால், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எங்கே வாங்கினாலும் பிள்ளையை அதில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முகாமில் மேடை, மாலை, போட்டோ என்று அவசரப்படுத்துவார்கள். அதற்கு அசையாதீர்கள்.

வாசலில் மூன்று படி. பேரனுக்காகத் தச்சரிடம் சொல்லி 5 அடிப் பலகையில் சாய்வுப்பாதை போட்டேன். இறக்கும்போது வண்டி என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எனக்கு 68 வயது.
– ஒரு தாத்தா, காரைக்குடி

ஐயா, பலகையின் நீளம்தான் உங்களை இழுக்கிறது. ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது நம் நாட்டு விதிமுறைகளில் உள்ள கணக்கு. உங்கள் மூன்று படியும் தலா 7 அங்குலம் என்றால் மொத்தம் 21 அங்குலம், பாதை 21 அடி நீளம் வேண்டும். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணையில் போய் இறங்கும்! அதனால்தான் எல்லோரும் 5 அடியில் முடித்துவிடுகிறோம்.

பக்கவாட்டில் சந்து இருந்தால் பாதையைச் சுவரை ஒட்டித் திருப்பி எடுக்கலாம், திருப்பத்தில் வண்டி நிற்க ஒரு சமதளம் விட்டு. இரண்டு ஓரத்திலும் 2 அங்குலக் கட்டை வையுங்கள், சக்கரம் விளிம்பைத் தாண்டாது. மேல்தளம் சொரசொரப்பாக இருக்கட்டும். வழுவழுப்பான டைல்ஸ், சிவப்புக் காவி எல்லாம் பார்க்க அழகு, மழை நாளில் எமன்.

அதுவரை ஏற்றும்போது பேரன் முகம் வீட்டைப் பார்க்கட்டும். இறக்கும்போதும் அவன் முகம் வீட்டையே பார்க்கட்டும். அதாவது நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்னோக்கி அடிமேல் அடி வைத்து இறங்க வேண்டும். அவன் எடை சாய்மானத்தில் விழும், முன்னால் சரியாது. இதற்கும் இளவட்டம் யாராவது கூட இருக்கட்டும். படியில் இரண்டு பேர் தூக்குவதென்றால் இரும்புச் சட்டத்தைப் பிடியுங்கள். கழலக்கூடிய கைதாங்கியையும் கால்பலகையையும் பிடித்துத் தூக்கி, அது மட்டும் கையோடு வந்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

வேனில் மகனை வீல்சேரிலேயே உட்கார வைத்து, பிரேக் போட்டு அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

கூடாது. டிரைவர் சடன் பிரேக் அடித்தால் வீல்சேர் பிரேக் ஒன்றுக்கும் உதவாது. மகனை வேன் சீட்டில் உட்கார வைத்து, வேனின் பெல்ட்டைப் போட்டு, வண்டியை மடித்துக் கட்டிவிடுங்கள். சீட்டில் உட்காரவே முடியாது என்றால், வண்டியின் சட்டத்தை நான்கு மூலையிலும் வேன் தரையோடு இழுத்துக் கட்டும் பட்டைகள் வேண்டும், மகன் முன்னோக்கி உட்கார வேண்டும், அவனுக்குத் தனியாக வேனின் பெல்ட் வேண்டும். கயிறு வேண்டாம்.

மகள் பள்ளிக்குப் போகும்போது துப்பட்டா, ரிப்பன் எல்லாம் சக்கரத்தில் சிக்குகிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டிவனம்

துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி முனையைத் தொடைக்கு அடியில் செருகிவிடுங்கள். பட்டுப்பாவாடை நாளில் இன்னும் கவனம். சைக்கிளுக்கு வருகிற மாதிரி போக்ஸ் கம்பியை மூடும் பிளாஸ்டிக் தட்டு வீல்சேருக்கும் கிடைக்கும். துணிக்கும் நல்லது, தோழிகளின் விரலுக்கும் நல்லது. முன் சக்கர அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியை மாதம் ஒருமுறை பழைய பிளேடால் வெட்டி எடுங்கள். அது சேர்ந்து இறுகினால் சக்கரம் திடீரென்று நின்று, வண்டி முன்னால் குப்புறும்.

மெரினாவுக்குப் போய் வந்ததிலிருந்து சக்கரம் கிறீச்சிடுகிறது. மகளுக்கு முதுகுத்தண்டுப் பிளவு, இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வேறென்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு தந்தை, சென்னை

2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்த செய்தியைப் படித்ததும் நாங்களும் கிளம்பினோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது. சரிசெய்த பிறகுதான் போக முடிந்தது. என் மகள் அன்றைக்குத்தான் அலையைப் பக்கத்தில் பார்த்தாள்.

உப்பு மணல் சக்கரத்தின் பால்ரஸுக்குள், அதாவது பேரிங்குக்குள், போனால் அரைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் நல்ல தண்ணீரில் துடைத்து, காயவைத்து, முன் சக்கர அச்சில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். டயரிலும் பிரேக்கிலும் எண்ணெய் படக் கூடாது.

உணர்வில்லாத பிள்ளை என்றீர்களே, அதற்குத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு ரெக்சினும் இரும்புக் கால்பலகையும் தோசைக்கல்லாகக் கொதிக்கும். பிள்ளை ‘சுடுது’ என்று சொல்லாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். உட்கார வைக்கும் முன் புறங்கையை வைத்துப் பாருங்கள். ராத்திரி படுக்கும்போது உட்காரும் இடத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் எடை விழாமல் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு நானே வீல்சேர் தள்ளத் தெரியும். அம்மா கைப்பிடியை விடவே மாட்டேன் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள் அங்கிள்.
– ஒரு மாணவன், புதுச்சேரி

தம்பி, அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பேரம் பேசு. ஒரு வாரம் பள்ளி மைதானத்தில், சமதரையில் நீ தள்ளு. அம்மா இரண்டடி பின்னால் வரட்டும். டயரைப் பிடிக்காதே, பக்கத்தில் இருக்கும் வளையத்தைப் பிடி. கட்டைவிரல் போக்ஸ் பக்கம் போகக் கூடாது. ஏற்றத்தில் உடம்பை முன்னால் சாய்த்துக்கொள். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து, வளையம் உள்ளங்கையில் மெல்ல வழுக்கட்டும். கை சுடும், சைக்கிள் கிளவுஸ் போட்டுக்கொள். கட்டிலுக்கு மாறும்போது இரண்டு பிரேக்கும் போடு, கால்பலகையை மடித்துவிட்டு இறங்கு. அதன்மேல் ஏறி நின்றால் வண்டி உன் தலைமேல் வரும்.

அப்புறம், வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தால் உனக்குத் தள்ளத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதே. அந்தப் பக்கத்து டயரில் காற்று குறைந்திருக்கும். அமுக்கிப் பார்.