சேஷாத்ரி சுவாமிகள் கடையில் புகுந்து பொருளை வாரி இறைத்ததை ஏன் 'லீலை' என்கிறார்கள்?

லீலை என்றால் விளையாட்டு. ஆதாயம் எதையும் எண்ணாமல் மகான் செய்யும், நமக்குக் காரணம் பிடிபடாத செயலைப் பக்தர்கள் அப்படிச் சொல்வார்கள்.

சேஷாத்ரி சுவாமிகள் 1889 முதல் 1929-இல் மறையும் வரை திருவண்ணாமலைத் தெருக்களில் அலைந்தவர். அழுக்கு வேட்டி, சீவாத தலை. திடீரென ஒரு கடைக்குள் நுழைவார், கையில் கிடைத்ததை வாரித் தெருவில் வீசுவார், போய்விடுவார். வேறு யாராவது செய்திருந்தால் அடிதான் விழும்! கடைக்காரருக்கோ அன்று வியாபாரம் அமோகம் என்று நம்பிக்கை. காஞ்சிபுரத்தில் சிறுவனாக அவர் தொட்டதும் ஒரு வியாபாரியின் கிருஷ்ணர் பொம்மைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன, அதனால் 'தங்கக் கை' என்று பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு.

சரி, இழப்பு எப்படி அருளாகிறது? பக்தர் பார்வையில் ஞானிக்கு 'நான் செய்கிறேன்' என்ற எண்ணமே இல்லை. அப்படியானால் அந்தக் கை வழியே செயல்படுவது தெய்வம்தானே? காலையில் ராசியான கையால் போணி ஆக வேண்டும் என்று கடைக்காரர் காத்திருப்பார் அல்லவா, அந்த மனசுதான் இது. பக்தி கொஞ்சம் கூடுதல். விற்காத நாள்கள் கதையாவதில்லை என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

லீலையைச் சித்து என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சித்து சக்தியைக் காட்டுவதற்காகச் செய்வது, லீலையில் அந்த நோக்கமே கிடையாது.