கோவலனுக்குத் தொண்டை உடையும்போது கமரா எங்கே இருந்தது?

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றாம் தவணையில் பிள்ளைகள் கோவலன் கதையை இசைநாடகமாக மேடையேற்றப் போகிறார்களாம். ஊடகக் கற்கை படிக்கும் தரம் 10 மாணவர் ஆறு பேர் அதைப் பற்றிப் பதினைந்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க ஆசைப்படுகிறார்கள். கையில் இருப்பது மூன்று போன், இரவல் கமரா ஒன்று, ஆறு கிழமை. எங்கே தொடங்குவது, சத்தத்துக்கு என்ன வழி, அரங்கேற்றத்தன்று நாலு பக்கமும் கமரா வைக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

ரீச்சர், கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். நாலு பக்கமும் வையுங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்குக் கிடைப்பது நாடகத்தின் பதிவு மட்டும்தான். உங்கள் படம் அதற்கு முந்திய ஐந்து கிழமையில், கதிரை மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒத்திகை பார்க்கிற அந்த வகுப்பறைக்குள் நடக்கிறது. பெரும்பாலான பாடசாலைப் படங்கள் இதைத் தவறவிட்டுவிட்டு, மாலை மரியாதையையும் பிரதம விருந்தினர் உரையையும் காட்டி முடிந்துபோகின்றன.

பார்ப்பவர் பதினைந்து நிமிடம் எழும்பாமல் இருக்க வேண்டுமென்றால், தொடக்கத்தில் எழும் ஒரு கேள்விக்கு மேடையில்தான் விடை கிடைக்க வேண்டும். இசைநாடகத்தில் அந்தக் கேள்வி அநேகமாகச் சுருதியில் ஒளிந்திருக்கும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள். ஆண்குரலுக்கு ஒரு கட்டை, இரண்டு கட்டை வசதி. பெண்பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரை. கோவலனும் மாதவியும் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில் ஆர்மோனியம் யாருடைய பக்கம் நிற்கும்? யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதோடு பதினான்கு, பதினைந்து வயது பெடியனுக்குத் தொண்டை உடைகிற பருவம். போன கிழமை எட்டிப் பிடித்த மேல் ஸ்தாயி இந்தக் கிழமை கிறீச்சிடும்.

ஒரு பாடசாலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். சரணத்தின் உச்சியில் கோவலனுக்குக் குரல் பிளந்தது. பிற்பாட்டுப் பாடிய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆர்மோனியத்தில் இருந்த சேர் ஒன்றும் பேசவில்லை. விரல்களை அரைக்கட்டை கீழே நகர்த்தி மறுபடி தொடங்கினார். அந்தப் பெடியன் பாடவில்லை. சேருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் எங்கள் கமராக் குழு வாசலில் பேனர் கட்டுவதை எடுத்துக்கொண்டிருந்தது. அனுப்பியவன் நான்தான். அந்தப் படத்தில் பேனர் இருக்கிறது, அந்தப் பார்வை இல்லை.

அதனால் முதல் கிழமை பதிவே வேண்டாம். ஆறு பேரும் ஒத்திகையில் ஒரு மூலையில் இருக்கட்டும், கமராவை முக்காலியில் வைத்து அணைத்தே வைத்திருக்கட்டும். மூன்றாம் நாளுக்குள் நடிக்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு மரச்சாமான் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு மாலையும் “இன்றைக்கு யார் மாறினார்கள்?” என்ற ஒரே கேள்விக்குக் கொப்பியில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கிழமை முடிவில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவர்தான் உங்கள் கதாபாத்திரம். அவர் கோவலனாக இருக்க வேண்டும் என்றில்லை. தாளம் போடுகிற பிள்ளையாக இருக்கலாம், வசனத்தை மறைவில் நின்று எடுத்துக்கொடுக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

இரண்டாம் கிழமையிலிருந்து நாலாம் கிழமை வரை கிழமைக்கு இரண்டு நாள் எடுத்தால் போதும். ஐந்தாம் கிழமை பேட்டிகள். ஆறாவதில் உடுப்போடு நடக்கும் முழு ஒத்திகை, பிறகு அரங்கேற்றம். மாலையில் நேரம் போவது தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கடைசி பஸ் எப்போது, யானை நடமாட்டமுள்ள பாதையால் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். கமராக் குழுவின் நேர அட்டவணையும் அதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

கமரா பற்றி ஒரே ஒரு தொழில்நுட்ப விடயம், ஆனால் முக்கியமானது. எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போன் வழக்கமாக வினாடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப்படம், எடுக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரமான ஷட்டர் வினாடியில் 1/60 பங்காக இருந்தால் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும், அதைப் பிறகு மென்பொருளால் சுத்தமாக நீக்குவது கஷ்டம். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பிரச்சினை இல்லை. போனோடு வரும் கமராவில் அந்த வசதி இல்லாவிட்டால் ப்ளாக்மேஜிக் கமரா என்ற இலவச செயலியில் இருக்கிறது. பழைய போன்களில் அது ஓடாமல் போகலாம், முதலே பாருங்கள். வெளியே வெயிலில் எடுக்கும்போது ஷட்டரைத் தானியங்கியில் விட்டுவிடலாம். 4கே வேண்டாம். 1080பியில் நிமிடத்துக்கு 130 மெகாபைட் என்று வைத்தாலும் பத்து மணித்தியாலத்துக்கு 78 கிகாபைட் ஆகிறது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போக முன் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு மெமரி கார்டை நம்பிய ஆட்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சத்தத்துக்கு வருவோம். படம் கொஞ்சம் மங்கினால் சனம் பொறுத்துக்கொள்ளும், பாட்டு கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும். போனிலுள்ள மைக் கெட்டதில்லை, தூரம்தான் கெடுக்கிறது. ஆகவே மூன்றில் ஒரு போனைப் படம் எடுக்கவே விடாதீர்கள். அது ஒலிப்பதிவுக்கு மட்டும். ஏரோப்பிளேன் மோடில் போட்டு, பாடுபவருக்கு எதிரே ஆறேழு அடியில், நெஞ்சளவு உயரத்தில் ஒரு கதிரையில் துவாய் விரித்து வையுங்கள். ஆர்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் பக்கத்தில் வைத்தால் அவை குரலை விழுங்கிவிடும். பதிவு தொடங்கியதும் ஒரு பிள்ளை எல்லாக் கமராவுக்கும் தெரிகிற மாதிரி ஒரு தடவை கை தட்டட்டும். தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்தலாம்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர்தான் ஓடும். மண்டபத்தின் கடைசியில், முப்பது மீற்றர் தள்ளி நிற்கும் கமராவுக்கு அந்தத் தட்டல் ஏறத்தாழ இரண்டு பிரேம் பிந்தித்தான் வரும். பொருத்தியும் உதடு ஒட்டவில்லை என்று பிள்ளைகள் தலையைச் சொறிந்தால் காரணம் இதுதான். இரண்டு பிரேம் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மண்டபம் தகரக் கூரை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் தவணை என்பது ஒக்டோபர், நவம்பர். பின்னேரம் இடித்துக் கொட்டத் தொடங்கினால் தகரத்துக்குக் கீழே ஒரு சொல் பதிவாகாது. பேட்டிகளைக் காலையில் வைத்துவிடுங்கள். மழையே வந்துவிட்டால் பேட்டியை நிறுத்திவிட்டு மழையை எடுங்கள். தகரத்தில் மழை அடிக்க, பாட முடியாமல் பிள்ளைகள் சும்மா இருக்கிற அந்த அரை மணித்தியாலம் படத்துக்கு நன்றாகவே உதவும்.

பேட்டிக்கு ஆளை மாமரத்தடியில் இருத்தி “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பரிசளிப்பு விழாப் பேச்சுத்தான் வரும். கையில் ஏதாவது கொடுங்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்துக்கு வார் இறுக்கிக்கொண்டே பேசட்டும். அம்மா மாதவியின் உடுப்புக்கு மணி தைத்துக்கொண்டே பேசட்டும். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துக்குப் பேர்போனது. அந்தக் கூத்தை ஆடியவர்கள், விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் உங்கள் பிள்ளைகளின் வீடுகளிலேயே இருக்கக்கூடும். பேரனுக்குப் பாட்டைத் திருத்திக் கொடுக்கிற அப்பு ஒருவர் கிடைத்தால் பேட்டியே தேவையில்லை. அந்தப் பாடத்தை எடுங்கள்.

ஆனால் வன்னியில் பழையதைக் கேட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். “அப்ப ஆடின படம் இருக்கா?” என்று பிள்ளை சாதாரணமாகத்தான் கேட்கும். அல்பம் 2009இல் எந்தப் பங்கருக்குள் போனது என்று பதில் வரும். அதற்குப் பிள்ளைகளை முதலே தயார்ப்படுத்துங்கள். யாராவது அழத் தொடங்கினால் கமராவை நெருக்கிக் கொண்டுபோகக் கூடாது, அடுத்த கேள்வி கேட்கக் கூடாது, பேசாமல் இருக்க வேண்டும். “நிப்பாட்டவா?” என்று பிள்ளையே கேட்கட்டும். கண்ணீர் வேண்டுமென்று தோண்டுவது எனக்குப் பிடிக்காது. நாடகம் போடுகிற பிள்ளைகளின் படத்தைப் போரின் படமாக மாற்றவேண்டும் என்று வெளியிலிருந்து யாராவது ஆலோசனை சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பழைய படம் தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருக்கும் உறவுகளிடம் கேட்டுப் பாருங்கள். தபாலில் போன பிரதிகள் பல அங்கே பத்திரமாக இருக்கின்றன.

அனுமதி விடயம் சுருக்கமாக. அதிபரிடம் எழுத்தில் வாங்குங்கள். படத்தைப் பாடசாலைக்கு வெளியே போடுவதாக இருந்தால் வலயக் கல்வி அலுவலகத்திடமும் கேளுங்கள். நடிக்கிற பிள்ளைகள், எடுக்கிற பிள்ளைகள் எல்லாருடைய பெற்றோரும் கையெழுத்திட வேண்டும், எங்கே போடப் போகிறீர்கள் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் கமரா போகவே கூடாது. ஒப்பனையை வெளியே, உடுத்தி முடித்த பிறகு எடுக்கலாம். பாட்டுகளில் சினிமா மெட்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூப் கண்டுபிடித்துச் சத்தத்தை அமத்திவிடக்கூடும். மரபுப் பாடல்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் யாருடைய ஏட்டிலிருந்து எடுத்தீர்களோ அவரிடம் கேட்டு, பெயரைப் போட்டுவிடுங்கள்.

அரங்கேற்றத்தன்று இரவல் கமரா மண்டபத்தின் நடுவில், முழு மேடையும் தெரிய, ஒருவரும் அசைக்காமல் நிற்கட்டும். பழைய கமராக்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தாமாகவே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்து ஒவ்வொரு காட்சி முடிவிலும் நிறுத்தி மறுபடி பதிவைத் தொடங்க வேண்டும். ஒரு போன் மேடைக்குப் பக்கவாட்டில் திரைமறைவில். நுழையப்போகும் பிள்ளை மூச்சை இழுத்து விடுவது அங்கேதான் தெரியும். ஒலிப்பதிவுப் போனை இந்த ஒரு நாள் மேடை விளிம்பில் வையுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தால் சத்தம் உடையும். மூன்றாவது போன் மேடையைப் பார்க்கவே வேண்டாம். உங்கள் கதாபாத்திரத்தின் அம்மா எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று முதலே பார்த்து, அவருடைய முகத்தைப் பார்க்கட்டும். முழு ஒத்திகையையும் இதே மாதிரி ஒருமுறை எடுத்து வைத்திருந்தால், கரண்ட் போனாலும் கைவசம் ஒன்று இருக்கும்.

தொகுப்பதற்கு முன் கணினியைத் திறக்காதீர்கள். நல்ல துண்டுகளை ஒவ்வொரு தாளில் எழுதி, வகுப்பறைத் தரையில் பரப்பி, ஆறு பேரும் சண்டை பிடித்து ஒழுங்குபடுத்தட்டும். முழுப் பாட்டு எதுவும் வேண்டாம், ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடம் தாராளம். தொண்டை உடைந்த அந்தச் சரணம் மட்டும் இரண்டு தடவை வரலாம்: வகுப்பறையில் ஒருமுறை, மேடையில் ஒருமுறை. பாட்டு வரிகளைத் திரையின் அடியில் எழுத்தாகப் போடுங்கள். கூத்துப் பாட்டின் பழஞ்சொற்கள் பாடகரின் இழுவையில் காதுக்குப் பிடிபடாது.

முடித்ததும் இணையத்தில் ஏற்ற முன், நடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பின்னேரம் போட்டுக் காட்டுங்கள். கோவலனாக நடித்த பெடியனுக்கு அதற்கும் முதல் நாள் தனியாகக் காட்டுங்கள். அந்தக் குரல் உடைகிற இடத்தை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.