ஐம்பது கிலோபைட்டுக்கு மேல் வேண்டாம்

ஹட்டன் கடைத்தெருவில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவன் நான். போட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் படம், எல்லாம் உண்டு. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இணையம் பார்க்கிற பயர்பொக்ஸ் உலாவி பற்றியே இருந்ததால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்பில் பயிற்சித்தாள் தேடுவேன். மாதத்துக்குப் போட்ட டேட்டா இருபதாம் திகதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பயர்பொக்ஸில் இதற்கு ஏதாவது நீட்சி இருக்கிறதா?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: இருக்கிறது டீச்சர். நீட்சி என்றால் உலாவியோடு சேர்த்துப் போடுகிற சின்ன நிரல், எக்ஸ்டென்ஷன். உங்களுக்கு வேண்டியது யூபிளொக் ஒரிஜின். விளம்பரம் தடுக்கிற நீட்சி என்றுதான் பலருக்கும் தெரியும். நம்ம பக்கத்துக்கு அதைவிடப் பெரிய உதவி ஒன்று அதற்குள் ஒளிந்திருக்கிறது. நீட்சியின் படத்தை அழுத்தி, பல்சக்கரக் குறியைத் தொட்டு அமைப்புகளுக்குப் போங்கள். இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்ட படம், வீடியோவைத் தடுக்கவும் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 50 என்று போட்டிருப்பார்கள். பெட்டியில் சரி போட்டுவிட்டு அந்த 50ஐ அப்படியே விடுங்கள்.

கடையில் இதை நான் பழகியது ஒரு மழை நாளில். மல்லியப்பூ சந்திப் பக்கம் மூட்டம் இறங்கி, சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது. வரிசையில் ஆறு பேர். ஒரு செய்திப் பக்கத்தில் விண்ணப்ப முடிவுத் திகதியைப் பார்க்க வேண்டும், பக்கமோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியில் சரி போட்டுத் திரும்பத் திறந்தேன். எழுத்து மட்டும் விழுந்தது, படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். நீட்சியின் படத்தில் தடுத்தவற்றின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியிருந்தது. ஒரு திகதி பார்க்க அறுபது தேவையில்லாத சாமான்!

ஒரு குறை உண்டு. விஞ்ஞானத் தாளில் வரைபடம் பெரிதாக இருந்தால் அதையும் சேர்த்து மறைத்துவிடும். அந்தக் கட்டத்தைத் தொட்டால் அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். யூடியூப் விஷயத்தில் இந்த 50 உதவாது, அங்கே தரத்தை 240க்கு இறக்குவதுதான் வழி.

பெயரில் ஒரிஜின் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், போலிப் பெயர்கள் உண்டு. இதை எழுதிய ரேமண்ட் ஹில் யாரிடமும் நன்கொடைகூட வாங்குவதில்லை. குரோமில் ஏன் இது கிடைப்பதில்லை என்று கேட்பீர்கள். 2024 நடுவிலிருந்து குரோம் பழைய முறை நீட்சிகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. அங்கே இப்போது இருப்பது சக்தி குறைந்த லைட் பதிப்பு. பயர்பொக்ஸ் பழைய முறையையும் விடாமல் வைத்திருக்கிறது. அண்ட்ரொயிட் போனிலும் போடலாம். 2023 டிசம்பரில் போன் பதிப்புக்கு நூற்றுக்கணக்கான நீட்சிகளைத் திறந்துவிட்டார்கள். ஐபோனில் முடியாது.

கேள்வி: அண்ணே, வீடியோ இறக்க ஒரு நீட்சி போட்டேன். இப்போது எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கம் வருகிறது. எப்படி நிறுத்துவது?
– ஓர் இளைஞர், தலவாக்கலை

பதில்: தம்பி, கொன்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நீட்சிகளின் பட்டியல் வரும். அந்த நீட்சியை நீக்குங்கள், அப்புறம் அமைப்புகளில் தேடுபொறியைப் பழையபடி மாற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் உதவிப் பட்டியலில் உள்ள சிக்கல் தீர்க்கும் பக்கத்துக்குப் போய் பயர்பொக்ஸைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். நீட்சி எல்லாம் போய்விடும், புத்தகக்குறியும் கடவுச்சொல்லும் தங்கும்.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு நீட்சியை நானும் கடைக் கொம்பியூட்டரில் போட்டேன். மகளின் பரீட்சை விண்ணப்பத்துக்காக ஓர் அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே வந்து, சாக்குப் படங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டை இலக்கம் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க சூதாட்ட விளம்பரம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நீட்சி போடும்போது அனுமதி கேட்கும் பெட்டியை வாசியுங்கள். எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவை அணுகும் என்று இருந்தால் நீங்கள் அடிக்கிற எல்லாமே அதற்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூபிளொக்கும் இதையேதான் கேட்கிறது. ஆனால் அதன் நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கிறது, பரிந்துரைக்கப்பட்ட நீட்சி என்று, பயர்பொக்ஸைச் செய்கிற மொஸில்லாவின் முத்திரையும் உண்டு. அந்த முத்திரை இல்லாத வீடியோ இறக்கியை நான் தொடமாட்டேன். பிடிஎஃப்புக்கு இப்போது நீட்சியே தேவையில்லை. 2022 ஒக்டோபரில் வந்த 106ஆம் பதிப்பிலிருந்து பிடிஎஃப் மேலேயே எழுதலாம், கோடு போடலாம். 119இலிருந்து படமும் ஒட்டலாம். விண்ணப்பப் படிவங்களை நான் இப்படித்தான் நிரப்புகிறேன்.

கேள்வி: தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பந்தியைக் கொப்பி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. பயர்பொக்ஸில் கோளாறா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: பயர்பொக்ஸில் கோளாறில்லை. அது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துச் செய்தது. தமிழ் என்ற சொல்லை ஒட்டிப் பாருங்கள், ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று வரும். திரையில் அழகாகத் தெரிவது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்திருப்பதால். பாமினியிலிருந்து, இப்போது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன, அங்கே ஒட்டி மாற்றுங்கள்.

இன்னொரு சின்ன வித்தை. இப்படிப்பட்ட பிடிஎஃப்பில் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பாமினி தட்டச்சு பழகியவர் என்றால், கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டு, தேடல் பெட்டியில் தமிழ் அடிப்பது போலவே அடியுங்கள். பெரும்பாலும் அகப்படும். நூறு பக்கச் சுற்றறிக்கையில் ஒரு பாடசாலைப் பெயரைத் தேடும்போது இது எனக்குக் கைகொடுத்தது.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். எப்போதும் நாற்பது டேப் திறந்திருக்கும், எது எது என்றே தெரிவதில்லை.
– ஒரு மாணவி, பதுளை

பதில்: 2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பிலிருந்து டேப்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கலாம், தலைப்பு முழுதாகத் தெரியும். 138இலிருந்து டேப் குழுவும் வந்துவிட்டது. ஒரு டேப்பை இன்னொன்றின் மேல் இழுத்துவிட்டு, உயிரியல், இரசாயனம் என்று பெயர் வையுங்கள். ஒரு பாடம் படிக்கும்போது மற்றதைச் சுருக்கி வைக்கலாம்.

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் விண்டோஸ் 7 கொம்பியூட்டர். பயர்பொக்ஸ் புதிய பதிப்பு ஏற மறுக்கிறது.
– இளைஞர் கழகம், மஸ்கெலியா

பதில்: ஏறாது. விண்டோஸ் 7, 8க்கு 2023 ஜூலையில் வந்த 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் கடைசி. மேலே சொன்ன டேப் குழுவெல்லாம் அதில் கிடைக்காது, யூபிளொக் ஓடும். அதில் வங்கி வேலை எதுவும் செய்ய வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அதே பெட்டியில் புதிய பயர்பொக்ஸ் ஓட இடமுண்டு. ரெம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள், அல்லது பெட்டியைக் கடைக்கே கொண்டுவாருங்கள். ஞாயிறு மட்டும் வேண்டாம், சந்தை நாள் சனத்தில் என்னால் நிமிரக்கூட முடியாது.