ஏர் ரைபிள் ஸ்கோப்பை 10 மீட்டரில் சீரோ செய்தேன் (குறிவைத்த இடத்திலேயே பெல்லட் படும்படி சரிசெய்தேன்). 30 மீட்டரில் பெல்லட் மேலேயும் வலப்பக்கமும் போகிறதே, ஏன்?

4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிள், சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். மேலே போவதற்கு ஒரு காரணம், வலப்பக்கம் போவதற்கு வேறு காரணம்.

மேலே போவது கோளாறே இல்லை, வெறும் கணக்கு. ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவைவிடச் சுமார் 4.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டருக்குள் அந்த உயரத்தை எட்டிப்பிடிக்க வேண்டுமானால் குழல் அண்ணாந்துதான் இருக்கும். 8 கிரெய்ன் (சுமார் அரை கிராம்) பெல்லட் நொடிக்கு 240 மீட்டரில் கிளம்பினால், 30 மீட்டரில் 2 செ.மீ.க்கு மேல் உயர்ந்தே விழும். அதனால் 25 மீட்டரில் சீரோ செய்யுங்கள். 15 முதல் 25 மீட்டர் வரை நேராகக் குறிவைத்தே சுடலாம். 10 மீட்டரில் 1 செ.மீ. தாழும், 40-ல் ஏறக்குறைய 5 செ.மீ.

வலப்பக்கம் போவதுதான் கோளாறு. பெரும்பாலும் ஸ்கோப், அதைப் பிடித்திருக்கும் ரிங்குக்குள் திரும்பி உட்கார்ந்திருக்கும். 5 டிகிரி திரும்பினாலே, ஸ்கோப்பின் நிமிர்கோட்டை நேராகப் பிடிக்கையில் ரைபிள் சாய்ந்து, குழல் 4 மி.மீ. இடப்பக்கம் ஒதுங்கிவிடும். 10 மீட்டரில் பார்வைக்கோட்டைத் தொடும் பெல்லட் அதைக் கடந்து, 30-ல் 8 மி.மீ. வலப்பக்கம் நிற்கும். டர்ரெட்டை (ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகை) எவ்வளவு திருகினாலும் இது தீராது.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வாங்கி வாருங்கள். 25 மீட்டரில் குண்டைத் தொங்கவிட்டு, ரைபிளை ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, ஸ்கோப்பின் நிமிர்கோடு நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பை மட்டும் திருப்புங்கள். ரிங் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் ஸ்கோப் மறுபடி திரும்பிக்கொள்ளும். முடித்ததும் நூலை இன்னொரு தடவை பாருங்கள்.

பிறகு 5 பெல்லட் சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைக் குறியுங்கள். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் டர்ரெட்டைத் திருகுவதுதான் பலரும் செய்யும் தப்பு. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 25 மீட்டரில் 1.8 மி.மீ.; 1 செ.மீ. நகர்த்த ஐந்தாறு கிளிக். மலிவு ஸ்கோப்பில் திருகியதும் நகராமல், இரண்டு சுட்ட பிறகு நகரும். அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்பிரிங் ரைபிள் பின்னுக்கும் உதைக்கும், முன்னுக்கும் இழுக்கும். சாதாரண ரைபிளுக்கான ஸ்கோப் இதில் சீக்கிரம் உள்ளே ஆடிப்போகும். ஏர்கன்னுக்கென்று செய்ததையே வாங்குங்கள். மவுண்டின் (ஸ்கோப்பை ரைபிளோடு பிணைக்கும் பிடியின்) விளிம்பை ஒட்டி ரைபிளின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 50 தடவை சுட்ட பிறகு கோட்டிலிருந்து விலகியிருந்தால் மவுண்ட் வழுக்குகிறது, நகராமல் தடுக்கும் முளை (ஸ்டாப்பர் பின்) உள்ள மவுண்ட் வேண்டும். முன்கட்டையை மேசையில் நேராக வைக்காதீர்கள், மணல் பையின் மேல் உள்ளங்கை, அதன்மேல் ரைபிள்.

ஆடி மாதம் சீரோ செய்யாதீர்கள். அம்மியே பறக்கும் காற்றில் 25 மீட்டரில் 3 செ.மீ. தள்ளிப்போவது சாதாரணம். மட்டை அசையாத விடியற்காலையே நல்லது. பின்னால் மணல் மூட்டை அடுக்குங்கள். பாறையில் பட்டால் ஈயம் உங்களிடமே திரும்பி வரும். தோப்பில் மயில் மேய்ந்தால் அன்றைக்கு ரைபிளை உறையிலிருந்தே எடுக்க வேண்டாம்.

பெல்லட் டப்பாவின் பிராண்ட் மாறினால் சீரோவும் மாறும், மறுபடி 5 சுட்டுப் பாருங்கள்.